நின்றுபோன வேலை எங்கே நிற்கிறது?

சென்னையில் மேற்கு மாம்பலம் தாழ்வான பகுதி. 2015ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2021ஆம் ஆண்டு நவம்பரிலும் பெய்த பெருமழையில் அங்குள்ள தெருக்கள் பலவற்றில் தண்ணீர் தேங்கியது. ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே தெருவோர மழைநீர் வடிகாலில் அடைப்பு உண்டா என்று பார்த்துக்கொள்வது அவசியமாகிறது. அடைப்பு இருந்தால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் புகார் செய்யலாம். புகாருக்கு ஓர் எண் தருவார்கள். தெரு எந்த வார்டைச் சேர்ந்தது, குறை எந்த வகையைச் சேர்ந்தது என்பவற்றைப் பொறுத்து அப்புகார் உரிய அலுவலரைச் சென்றடைய வேண்டும்.

இவ்வாறு ஒரு வேலையை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டு செல்லும் பொறுப்பு இப்போது பெரும்பாலும் கணிப்பொறியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. வங்கிக் கடன், கல்வி உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், மருத்துவக் காப்பீடு, தொழிற்சாலையில் உதிரிப்பாகம் வாங்குதல் என எல்லாவற்றிலும் இதே முறைதான். வேலை ஓடிக்கொண்டிருக்கும் வரை கணிப்பொறி நடுவில் இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. ஆனால் சில வேளைகளில் ஒரு வேலை நடுவழியில் நின்றுவிடுகிறது. எப்போது கேட்டாலும் 'நடவடிக்கையில் உள்ளது' என்ற ஒரே விடை வருகிறது. யாரும் மறுக்கவில்லை, யாரும் செய்யவும் இல்லை. மழையோ, கல்லூரிச் சேர்க்கையின் கடைசி நாளோ அதற்காகக் காத்திருப்பதில்லை.

இப்படி நின்றுபோகும் வேலைகளைப் பார்த்து, "எவரோ சோம்பலாக இருக்கிறார்" என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் பல தேக்கங்களுக்குச் சோம்பல் காரணமே அன்று. அவை சில திட்டவட்டமான வகைகளில் அடங்கிவிடும். எந்த வகை என்று கண்டுகொண்டால் தீர்வும் உடனே புலப்படும். அவ்வகைகளையும், அவற்றைக் கண்டறியும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

பணியோட்டம் என்பது யாது?

ஒரு காரியம் முடியக் கடக்க வேண்டிய படிகளின் வரிசையைப் பணியோட்டம் என்கிறோம். அதை நடத்தும் மென்பொருளில் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, படிகளைக் காட்டும் வழிப்படம். இரண்டாவது, எந்தப் படியை யார் செய்ய வேண்டும் என்று கூறும் ஒதுக்கீட்டு விதி. மூன்றாவது, ஒவ்வொரு வேலையும் இந்நேரம் எந்த நிலையில் இருக்கிறது என்று குறிக்கும் நிலை ஏடு. ஒரு வேலை பிறக்கிறது; ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ ஒதுக்கப்படுகிறது; ஒருவர் அதை எடுத்துக்கொள்கிறார்; செய்கிறார்; முடிக்கிறார். ஒவ்வொரு மாற்றமும் நிலை ஏட்டில் நாளும் மணியும் இட்டுப் பதியப்படுகிறது.

இந்த ஓட்டத்தைக் கணிதமுறையில் வரைந்து காட்ட வழிவகுத்தவர் ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஆடம் பெட்ரி. 1962ஆம் ஆண்டில் அவர் அளித்த ஆய்வேட்டிலிருந்து வளர்ந்ததே 'பெட்ரி வலை'. இதில் வட்டங்களும் கோடுகளும் இருக்கும். வட்டம் ஒரு நிலையைக் குறிக்கும். கோடு ஒரு செயலைக் குறிக்கும். வட்டத்துள் வைக்கப்படும் சிறு வில்லை, வேலை இப்போது அங்கே இருக்கிறது என்பதைக் காட்டும். ஒரு கோட்டுக்குள் நுழையும் வட்டங்கள் எல்லாவற்றிலும் வில்லை இருந்தால்தான் அச்செயல் நடக்கும். நடந்ததும் வில்லை அடுத்த வட்டத்துக்கு நகரும். தாயக் கட்டத்தில் காய் நகர்வது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சிஸ்மன் என்பவர் 1977ஆம் ஆண்டிலேயே இவ்வலையைக் கொண்டு அலுவலக நடைமுறைகளைத் தானியங்கச் செய்வது பற்றி ஆய்வேடு எழுதினார். இன்று இத்தகைய மென்பொருள்கள் சென்னையிலேயே உருவாகி உலகெங்கும் செல்கின்றன. ஜோஹோ நிறுவனத்தின் 'ஜோஹோ கிரியேட்டர்' 2006ஆம் ஆண்டிலும், ஆரஞ்சுஸ்கேப் நிறுவனத்தின் 'கிஸ்ஃப்ளோ' 2012ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

கணிப்பொறிக்கு முந்திய பதிவேடு

கணிப்பொறி வருவதற்கு வெகுகாலம் முன்பே சென்னை மாகாண அலுவலகங்களில் இதே சிக்கல் இருந்தது. அதற்கு விடையாக ஏற்பட்டதே 'டாட்டன்ஹாம் முறை' எனப்படும் கோப்பு நடைமுறை. அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண் இடப்படும். அது யாருக்குச் சென்றது என்பது பகிர்மானப் பதிவேட்டில் குறிக்கப்படும். ஒவ்வோர் எழுத்தரும் 'தன் பதிவேடு' ஒன்று வைத்திருப்பார். தமக்கு வந்த தாள், அதன்மீது எடுத்த நடவடிக்கை, அது இப்போது இருக்கும் இடம் ஆகியவற்றை அதில் எழுதுவார். மேலதிகாரி அப்பதிவேட்டைக் குறித்த கால இடைவெளியில் பார்வையிடுவார். நிலுவைப் பட்டியலும் தயாரிக்கப்படும்.

அரசு அலுவலகக் கடிதங்களில் 'ந.க.எண்' என்று ஓர் எண்ணும், அதையொட்டி 'அ3', 'இ2' போன்ற குறியும் இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அக்குறி ஓர் இருக்கையைச் சுட்டுவது. அந்த இருக்கையில் இன்று ஒருவர் இருப்பார். நாளை மாறுதலாகி வேறொருவர் வருவார். கோப்பு மட்டும் அதே இருக்கையில் நிற்கும். ஆளுக்கு ஒதுக்காமல் இருக்கைக்கு ஒதுக்கு என்ற இந்த எளிய விதியின் அருமை, அதை மறந்து அமைக்கப்பட்ட மென்பொருள்களில்தான் நன்கு விளங்குகிறது.

தாமதம் வேறு, தேக்கம் வேறு

ஒரு வேலை வரவில்லை என்றவுடன் அது நின்றுவிட்டது என்று முடிவு செய்தல் கூடாது. அது வரிசையில் மெதுவாக நகர்ந்துகொண்டும் இருக்கலாம். இதைப் பிரித்தறிய ஒரு சிறு கணக்கு உதவும். 1961ஆம் ஆண்டில் ஜான் லிட்டில் என்பவர் நிறுவிய விதி அது. ஓர் அமைப்பில் சராசரியாகத் தங்கியிருக்கும் வேலைகளின் எண்ணிக்கை, நாள் ஒன்றுக்கு வருபவை எத்தனை என்பதையும் ஒரு வேலை தங்கும் நாட்களையும் பெருக்கினால் கிடைக்கும்.

ஓர் அலுவலகத்துக்கு நாள்தோறும் 40 புகார்கள் வருகின்றன. ஒன்றைத் தீர்க்க வழக்கமாக 3 நாட்கள் ஆகின்றன என்று கொள்வோம். எந்நாளில் எண்ணினாலும் ஏறத்தாழ 120 புகார்கள் நிலுவையில் இருக்கும். 120 என்ற எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வரவு மாறாமல் இருக்க, நிலுவை மட்டும் 150, 180 என்று ஏறிக்கொண்டே போனால் எங்கோ அடைப்பு இருக்கிறது. சராசரி மட்டும் போதாது. மிகப் பழைய வேலை எது என்றும் பார்க்க வேண்டும். 119 புகார்கள் மூன்று நாட்களுக்குள் வந்தவையாகவும், ஒன்று மட்டும் இரண்டு மாதம் பழையதாகவும் இருந்தால், சராசரி அந்த ஒன்றை மறைத்துவிடும். நின்றுபோன வேலை அதுவே.

தேக்கத்தின் ஐந்து வகைகள்

விளக்கத்துக்காக மேற்கு மாம்பலத்துத் தெரு ஒன்றில் தண்ணீர் தேங்குவது பற்றிய புகாரை எடுத்துக்கொள்வோம். கீழே கூறப்படும் நிலைகள் கற்பனையானவை. எந்த அலுவலகத்தின் மென்பொருளையும் குறிப்பன அல்ல.

முதல் வகை, உரியவர் இல்லாத வேலை. 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது 155 வார்டுகள் 200 ஆயின. மண்டலங்கள் 10இலிருந்து 15 ஆயின. மேற்கு மாம்பலம் 10ஆம் மண்டலமாகிய கோடம்பாக்கத்தில் அடங்கியது. இத்தகைய மாற்றத்தின்போது ஒதுக்கீட்டு அட்டவணையில் ஒரு தெருவுக்கு மட்டும் பழைய வார்டு எண்ணே தங்கிவிட்டால் என்ன ஆகும்? கணிப்பொறி அந்த எண்ணுக்குரிய பொறியாளரைத் தேடும். எவரும் கிடைக்க மாட்டார். புகார் பிறந்திருக்கும், ஆனால் எவர் பட்டியலிலும் தோன்றாது. எவர் பட்டியலிலும் இல்லாததால் எவரும் அதைத் தவறவிட்டதாகவும் ஆகாது. தேக்கங்களில் மிக ஆபத்தானது இதுவே.

இரண்டாம் வகை, உரியவர் இருந்தும் இல்லாத வேலை. புகார் ஒரு பொறியாளரின் பெயருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவர் மாறுதலாகிப் போய்விட்டார். அல்லது நீண்ட விடுப்பில் இருக்கிறார். அவருடைய பட்டியலில் புகார் பத்திரமாகக் கிடக்கிறது. இதன் மற்றொரு வடிவமும் உண்டு. ஐந்து பேர் கொண்ட குழுவுக்குப் பொதுவாக வேலை அனுப்பப்படுகிறது. மற்றவர் எடுத்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுகிறார்கள். அல்லது, ஒருவர் திறந்து பார்ப்பதற்காக 'எடுத்துக்கொள்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு மறந்துவிடுகிறார். அக்கணமே அது மற்ற நால்வரின் பட்டியலிலிருந்தும் மறைந்துவிடுகிறது.

மூன்றாம் வகை, வாராத ஒன்றுக்காகக் காத்திருக்கும் வேலை. தெருவில் தேங்குவது மழைநீரா, கழிவுநீரா என்று முதலில் பார்க்கிறார்கள். மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. கழிவுநீர்க் குழாய் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. ஆகவே வழிப்படம் இரண்டாகக் கிளைத்து, பின் ஓரிடத்தில் சேர்கிறது. கிளைக்குமிடத்தில் 'இதுவோ அதுவோ' என்று அமைத்துவிட்டு, சேருமிடத்தில் 'இதுவும் அதுவும்' என்று அமைத்துவிட்டால் வந்தது வினை. வில்லை ஒரு கிளை வழியே மட்டும் போகும். சேருமிடமோ இரண்டு வில்லைகளுக்காகக் காத்திருக்கும். வடிகால் தூர்வாரப்பட்டு அறிக்கையும் வந்த பிறகு, எவரும் கேளாத இரண்டாவது அறிக்கைக்காகப் புகார் காலமெல்லாம் நிற்கும். இங்கே எந்த மனிதரிடமும் குறை இல்லை. குறை வழிப்படத்தில் இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த வில் வான் டெர் ஆல்ஸ்ட் 1990களில் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார். தொடங்கிய வேலை எந்த நிலையை அடைந்தாலும் அங்கிருந்து முடிவுக்குச் செல்ல ஒரு வழியாவது இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வழிப்படம் இந்த இலக்கணத்துக்கு உட்பட்டதா என்பதைப் பயன்படுத்தத் தொடங்கும் முன்பே கணிப்பொறியைக் கொண்டு சோதித்துவிடலாம்.

நான்காம் வகை, ஒன்றையொன்று எதிர்நோக்கும் வேலைகள். "குழாய் வேலை முடிந்தது என்ற குறிப்பு வந்தால்தான் எங்கள் கோப்பை முடிப்போம்" என்கிறது சாலைப் பிரிவு. "சாலைப் பிரிவின் கோப்பு முடிந்து, சாலையை வெட்ட அனுமதி வந்தால்தான் வேலை தொடங்குவோம்" என்கிறது குழாய்ப் பிரிவு. இரண்டும் விதிப்படி நடக்கின்றன; இரண்டும் நகரா. கணிப்பொறி இயலில் இந்நிலை நன்கு ஆராயப்பட்ட ஒன்று. 1971ஆம் ஆண்டில் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி ஆகிய மூவர், இத்தகைய முட்டுக்கட்டை ஏற்பட நான்கு நிபந்தனைகள் ஒருங்கே அமைய வேண்டும் என்று காட்டினர். ஒரு பொருளை ஒரு நேரத்தில் ஒருவரே வைத்திருக்க முடிதல். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே மற்றொன்றுக்குக் காத்திருத்தல். வைத்திருப்பவரிடமிருந்து பறிக்க இயலாமை. காத்திருப்போர் வட்டமாக அமைதல் ஆகியவையே அவை. நான்கில் ஏதேனும் ஒன்றை உடைத்தால் போதும், முட்டுக்கட்டை அவிழ்ந்துவிடும்.

ஐந்தாம் வகை, பொறியின் உள்ளே நின்றுபோன வேலை. ஒரு படியை மனிதருக்குப் பதிலாகக் கணிப்பொறியே செய்ய வேண்டியிருக்கலாம். புகார்தாரருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது ஓர் எடுத்துக்காட்டு. அந்த வேலையை எடுத்துக்கொண்ட நிரல் நடுவில் செயலிழந்தால், நிலை ஏட்டில் 'நடைபெறுகிறது' என்ற சொல் அப்படியே நின்றுவிடும். செய்பவர் மறைந்துவிட்டார், செய்கிறார் என்ற குறிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதைத் தவிர்க்க, வேலையை நிரந்தரமாகக் கொடுக்காமல் குத்தகைக்கு விடுவது போலக் கொடுப்பார்கள். நிரல் சிறிது நேரத்துக்கு ஒருமுறை 'உயிரோடிருக்கிறேன்' என்று அறிவிக்க வேண்டும். அறிவிப்பு நின்றால் குத்தகை முடிந்தது. வேலை வேறொரு நிரலுக்குப் போகும்.

செவ்வாயில் ஒரு தேக்கம்

இந்த ஐந்தாம் வகைக்குப் புகழ்பெற்ற ஒரு நிகழ்ச்சி உண்டு. 1997ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அமெரிக்காவின் 'பாத்ஃபைண்டர்' கலம் செவ்வாயில் இறங்கியது. வானிலைச் செய்திகளைத் திரட்டத் தொடங்கிய பின், அதன் கணிப்பொறி அவ்வப்போது தானே நின்று மீண்டும் தொடங்கியது. பூமியில் இருந்த பொறியாளர்கள் அதே போன்ற அமைப்பை ஆய்வகத்தில் இயக்கிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தனர்.

கலத்தின் செய்தித் தடத்தை மேற்பார்க்கும் வேலை மிக முக்கியமானது. வானிலை வேலை முக்கியம் குறைந்தது. இரண்டுக்கும் பொதுவான ஒரு பூட்டு இருந்தது. வானிலை வேலை அந்தப் பூட்டைப் பிடித்திருந்த நேரத்தில், நடுத்தர முக்கியத்துவம் உள்ள தொலைத்தொடர்பு வேலை குறுக்கிட்டு அதை நிறுத்திவிடும். வானிலை வேலை நின்றதால் பூட்டு விடுபடவில்லை. பூட்டு விடுபடாததால் முக்கிய வேலையும் நின்றது. முக்கிய வேலை உரிய நேரத்தில் முடியாததைக் கண்ட காவல் கடிகாரம் கணிப்பொறி முழுவதையும் மறுபடி தொடங்கிவைத்தது. முக்கிய வேலை காத்திருக்கும் வரை, பூட்டை வைத்திருக்கும் சிறிய வேலைக்கும் அதே முக்கியத்துவத்தைக் கடனாகத் தரும் ஒரு வசதி மென்பொருளில் ஏற்கெனவே இருந்தது. அதை இயங்கச் செய்யும் கட்டளையைப் பூமியிலிருந்து அனுப்பினர். கோளாறு நீங்கியது.

எங்கே நின்றதோ அங்கே கோளாறு இருக்க வேண்டும் என்பதில்லை. நின்ற வேலை எதற்காகக் காத்திருக்கிறது, அதை யார் வைத்திருக்கிறார் என்று பின்னோக்கித் தேடிச் செல்ல வேண்டும்.

தேடும் முறை

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது ஒன்றுதான் நின்றதா, பலவும் நின்றனவா?" என்பது. ஒரே வேலை நின்றிருந்தால், அதில் பதிந்த விவரத்தில் பிழை இருக்கலாம். ஒருவரிடம் உள்ளவை எல்லாம் நின்றிருந்தால், அவர் விடுப்பில் இருக்கலாம். அவருடைய கணக்கு முடக்கப்பட்டிருக்கலாம். ஒரு படியில் உள்ளவை மட்டும் நின்றிருந்தால், ஒதுக்கீட்டு விதியையோ வழிப்படத்தையோ ஐயுற வேண்டும். எல்லாப் படிகளிலும் எல்லாம் நின்றிருந்தால், பொறியே நின்றுவிட்டது எனலாம்.

அடுத்து, எப்போது முதல் நின்றது என்று பார்க்க வேண்டும். அந்த நாளில் என்ன மாறியது? ஓர் அலுவலர் மாறினாரா, விதி திருத்தப்பட்டதா, மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததா? நிலை ஏட்டில் அந்த வேலையின் கடைசி வரியைப் படித்தால், வில்லை எந்த வட்டத்தில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, எதற்குக் காத்திருக்கிறது என்ற மூன்றும் தெரிந்துவிடும்.

நகர்த்தும் முன் கவனிக்க

காரணம் தெரிந்தபின் செய்ய வேண்டியவை எளியவை. உரியவர் இல்லையெனில் உரியவரை நியமிக்கலாம், சென்றுவிட்டவரிடமிருந்து மாற்றி ஒதுக்கலாம், பூட்டை விடுவிக்கலாம். ஆயினும் மூன்று எச்சரிக்கைகள் தேவை.

ஒன்று, அவசரத்தில் நின்ற படியை 'முடிந்தது' என்று குறித்து அடுத்த படிக்குத் தள்ளிவிடக் கூடாது. திரையில் புகார் தீர்ந்துவிடும். தெருவில் தண்ணீர் அப்படியே நிற்கும். நின்ற வேலையை விட, செய்யாமலே முடிந்த வேலை கெடுதலானது. முன்னதையாவது தேடிக் கண்டுபிடிக்கலாம்.

இரண்டு, பொறி செய்யும் படியை மறுபடி ஓட்டும் முன், முதல் ஓட்டத்தில் அது பாதி நடந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். குறுஞ்செய்தி இருமுறை போனால் தீங்கில்லை. உதவித்தொகை இருமுறை போனால் கணக்கு குலைந்துவிடும். இரண்டாம் முறை நடந்தாலும் பயன் ஒருமுறைக்கே உரியதாக இருக்கும்படி படிகளை அமைப்பது நல்ல மென்பொருளின் இலக்கணம்.

மூன்று, விதியைத் திருத்தினால் பழைய வேலைகளும் தாமே நகர்ந்துவிடும் என்று நம்பக் கூடாது. பல மென்பொருள்களில், ஏற்கெனவே தொடங்கிய வேலை அது பிறந்த நாளில் இருந்த வழிப்படத்தின்படியே நடக்கும். திருத்தம் புதிய வேலைகளுக்கு மட்டுமே பொருந்தும். நின்றவற்றைத் தனியே கணக்கெடுத்து நகர்த்த வேண்டும்.

தேக்கம் மீண்டும் வாராமல் தடுக்கும் வழிகளும் இவற்றிலிருந்தே கிடைக்கின்றன. எந்த விதிக்கும் பொருந்தாத வேலை போய்ச் சேர ஓர் இருக்கை இருக்க வேண்டும். பெயருக்கு ஒதுக்காமல் பதவிக்கு ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஒரு கெடு வைத்து, கெடு கடந்தால் மேலதிகாரிக்குத் தானே செல்லும்படி அமைக்க வேண்டும். மாதந்தோறும் மிகப் பழைய நிலுவைகளை ஒரு மனிதர் கண்ணால் பார்க்க வேண்டும். டாட்டன்ஹாம் முறையில் தன் பதிவேட்டைப் பார்வையிடும் வேலை இதுவேயாகும். பட்டியலைக் கணிப்பொறி ஒரு நொடியில் தந்துவிடும். அதைக் கேட்டு வாங்கிப் படிப்பவர் ஒருவர் வேண்டும்.

புகார் செய்தவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. "என் புகார் என்ன ஆயிற்று?" என்று கேட்டால், "நடவடிக்கையில் உள்ளது" என்ற விடைதான் வரும். "என் புகார் இப்போது எந்த அலுவலரிடம் இருக்கிறது? அவர் எதற்குக் காத்திருக்கிறார்? எந்தத் தேதியிலிருந்து?" என்று கேட்டால், விடை சொல்பவர் நிலை ஏட்டைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். பார்க்கும்போதே பல தேக்கங்கள் வெளிப்பட்டுவிடும். பருவமழைக்கு முன் புகார் செய்பவர்கள் எண்ணைக் குறித்துக்கொள்வதோடு இந்த மூன்று கேள்விகளையும் நினைவில் வைத்துக்கொள்வது நன்று.